குழாய் பிடிக்க ஒரு ஆள்

என் வேலை மன்னிப்புக் கேட்பது. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருக்கிறேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தால், எந்த வண்டி தாமதம், எந்த நடைமேடை மாறியிருக்கிறது, கழிப்பறையில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று எல்லாவற்றுக்கும் நான்தான் வருந்த வேண்டும். ஒரு வண்டியைக்கூட நான் ஓட்டியதில்லை. ஒரு டயரைக்கூடப் பஞ்சராக்கியதில்லை. ஆனாலும் காலையிலிருந்து சாயங்காலம் வரை தேன் ஒழுகும் குரலில் வருந்திக்கொண்டே இருப்பேன். மைக்கை அணைத்ததும் என் சொந்தக் குரல் வந்துவிடும். அதில் தேனெல்லாம் கிடையாது. எனக்கு மூக்கின் மேல் கோபம் என்பது என்னைப் பெற்றவர்களே ஒப்புக்கொண்ட விஷயம்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் நிலையத்து லிஃப்ட் ஒரு வாரம் மக்கர் செய்தபோது சரிசெய்ய வந்தவர். அந்த வாரம் முழுக்க "மின்தூக்கி இயங்கவில்லை, சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப்போனது. கடைசி நாள் கையெல்லாம் கிரீஸோடு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"நீங்க இவ்வளவு அழகா வருத்தப்படறீங்க மேடம். இதைச் சரி பண்றதுக்கே மனசு வரலை," என்றார்.

சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு ஒரு வருடத்தில் கல்யாணத்தில் கொண்டுபோய் விட்டது. அவருடைய முதல் மனைவி நோயில் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இரண்டு பெண் குழந்தைகள். நான் அதுவரை ஒரு அறை, ஒரு தட்டு, ஒரு டம்ளர் என்று தனியாகக் காலம் தள்ளியவள்.

சின்னவளுக்கு ஆறு வயது. வால் மட்டும்தான் இல்லை, அதனால் வீட்டில் அவளுக்குப் பெயரே வாலு. நான் வந்த அன்றே என் பெட்டியைத் திறந்து, என் பவுடரைப் பாதி கொட்டி, என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, என் மடியிலேயே தூங்கிப்போனாள். மறுநாள் எனக்கு 'மைக்கம்மா' என்று பெயரும் வைத்துவிட்டாள். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால், காற்று அந்தப் பக்கமிருந்து அடிக்கும்போது நிலையத்து ஒலிபெருக்கி கேட்கும். "மைக்கம்மா, நீ இன்னிக்கும் எல்லார்கிட்டயும் சாரி கேட்ட. என்ன தப்பு பண்ணின?" என்று விசாரிப்பாள்.

பெரியவளுக்குப் பதின்மூன்று வயது. அப்பா அவளை 'சூப்பர்வைசர்' என்றுதான் கூப்பிடுவார். அம்மா போன பிறகு வீட்டுச் சட்டதிட்டங்களைக் கட்டிக் காத்தது அவள்தான். அது சட்டதிட்டங்களால் ஓடும் வீடு. சாப்பிடும்போது போன் செருப்பு அலமாரியில் இருக்க வேண்டும். அப்பாவின் போனும்தான். ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டால் அன்றைக்கு எல்லாருடைய துண்டையும் போட்டவர்தான் துவைக்க வேண்டும். தெரு விளக்கு எரிவதற்குள் பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். கடைசியாக எழுந்திருப்பவர் எல்லாப் போர்வையையும் மடிக்க வேண்டும் என்பதால், ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் மகள்களும் விழித்துக்கொண்டே கண்ணை மூடிக் கிடந்து, யார் முதலில் எழுந்திருக்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். முதலில் எழுந்தவர் "நான் ஜெயிச்சேன்" என்று கத்தியதும் மற்ற இருவரும் உருண்டு புரண்டு எழுவார்கள்.

எனக்கு இந்தச் சட்டங்கள் எல்லாமே பிடித்திருந்தன. ஒன்றைத் தவிர. அது சட்டம் என்பதே எனக்குத் தெரியாது.

சமையலறைத் தொட்டியில் ஒரு கிறுக்குக் குழாய் இருந்தது. அழுத்திப் பிடித்தால்தான் தண்ணீர் வரும், கையை எடுத்தால் நின்றுவிடும். பொதுக் கழிப்பறைகளில் வைப்பார்களே, அந்த ரகம். ஏதோ கட்டடத்தில் வேலை பார்த்தபோது என் கணவர் கழற்றிக்கொண்டு வந்தாராம். ஒரு கையால் குழாயை அழுத்திக்கொண்டு, மறு கையால் எண்ணெய்ச் சட்டியைத் தேய்க்க ஆறு கை வேண்டும். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைப்பவருக்கு வீட்டுக் குழாயை மாற்ற நேரமில்லை போலிருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வாரம் பார்த்தேன். மூன்றாவது வாரம், எல்லாரும் வெளியே போயிருந்த ஒரு நாள், பிளம்பரைக் கூப்பிட்டுப் பளபளவென்று ஒரு புதுக் குழாய் போட்டுவிட்டேன். பழையதை அவரே பழைய இரும்புக்கு எடுத்துப் போய்விட்டார். சாயங்காலம் எல்லாரும் வந்து பார்த்து மூக்கின் மேல் விரலை வைப்பார்கள் என்று காத்திருந்தேன்.

வாலு பார்த்தாள், ஓவென்று அழுதாள். என் கணவர் குழாயைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, "நல்லதுதான்," என்றார். நல்லது என்று நினைப்பவர் யாரும் அந்த 'தான்' போடுவதில்லை. பெரியவள் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ரொம்ப நன்றிங்க ஆன்ட்டி. உங்களுக்குத்தான் சிரமம்."

அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அப்படித்தான் இருந்தது. "பரவாயில்லைங்க ஆன்ட்டி." "நீங்க விடுங்க, நான் பாத்துக்கறேன்." "உங்க இஷ்டம்ங்க." வேறு யாராவது கேட்டால் எவ்வளவு மரியாதையான பெண் என்பார்கள். எனக்கு மட்டும் தெரியும். அது நான் மைக்கில் பேசும் குரல். முகம் தெரியாத பயணிகளிடம், நேரம் முடிந்ததும் மறந்துபோகும் ஆட்களிடம் பேசும் குரல். என் குரலையே எடுத்து எனக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

குழாயின் கதையை வாலுதான் பிறகு எனக்குச் சொன்னாள். வீட்டில் யார் இரண்டு பேர் சண்டை போட்டாலும், அன்று சாயங்காலம் அந்த இரண்டு பேரும்தான் பாத்திரம் கழுவ வேண்டும். முதலில் குரலை உயர்த்தியவர் தேய்க்க வேண்டும். மற்றவர் குழாயை அழுத்திப் பிடிக்க வேண்டும். தேய்ப்பவருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் பிடித்திருப்பவரிடம் கேட்டாக வேண்டும். முறைத்துக்கொண்டிருந்தாலும், 'உன்கூட இனிமே பேச மாட்டேன்' என்று சத்தியமே செய்திருந்தாலும், "தண்ணி" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமல் ஒரு ஸ்பூன்கூடக் கழுவ முடியாது. கடைசிப் பாத்திரத்துக்குள் எப்படியும் சமாதானமாகிவிடுவார்கள். "குழாய் பிடிக்க வா" என்று இருவரில் யார் கூப்பிட்டாலும் மற்றவர் வந்தே ஆக வேண்டும். அம்மாவும் அப்பாவும் அப்படித்தான் கழுவினார்களாம். சண்டை இல்லாத நாளில் அப்பா ஒற்றை ஆளாகத் திண்டாட வேண்டும் என்பதால், சாப்பிட உட்காரும்போதே, "என்னம்மா, இன்னிக்கு யாருக்கும் யார் மேலயும் கோபமே இல்லையா?" என்று கேட்டுத் திரி கிள்ளிவிடுவாராம். நான் வந்த புதிதில் என் முன்னால் சண்டை போடக் கூடாது என்று அவரே சொல்லிவைத்திருந்ததால்தான் எனக்கு இதெல்லாம் தெரியாமல் போயிற்றாம்.

அன்று ராத்திரியே, "என்னங்க, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று அவரைப் பிடித்தேன்.

"ஆசையா மாத்தியிருந்த. எப்படிச் சொல்றது?" என்றார். அந்த வீட்டில் நாங்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் அவ்வளவு நல்லவர்களாக நடந்துகொண்டிருந்தோம்.

பழைய இரும்புக் கடைக்குப் போய்க் கேட்டேன். அது எந்த ஊர் உலையில் உருகியதோ. சரி, குழாய் போனால் போகட்டும், சண்டை இருக்கிறதே என்று நினைத்தேன். வாலுவோடு எனக்கு நாள் தவறாமல் சண்டை வந்தது. அவள் ஸ்டூலில் ஏறி நின்று, அழுத்தத் தேவையே இல்லாத குழாயைச் சும்மா பிடித்துக்கொண்டு என்னை மிரட்டுவாள். பெரியவள் பிடி கொடுக்கவே இல்லை. ஒரு நாள் அவள் முட்டையில் உப்பை அள்ளிப் போட்டேன். சாப்பிட்டு முடித்து, "நல்லா இருந்துதுங்க," என்றாள். அவள் ஹேர்கிளிப்பை ஒளித்து வைத்தேன். ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டாள். சண்டைக்கு இழுக்க, வளர்ந்த ஒருத்தி இப்படியெல்லாம் செய்வாளா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

ஆனால் அவள் தப்புச் செய்தால் மட்டும் நான் வாயே திறக்கவில்லை. ஈரத் துண்டு கட்டில் மேல் கிடக்கும், சத்தமில்லாமல் எடுத்துக் காயப் போடுவேன். கணக்கில் மதிப்பெண் குறைந்து வந்த தாளை என் முன்னால் வைத்தாள். "பரவாயில்லைம்மா, அடுத்த தரம் பாத்துக்கலாம்," என்றேன். உள்ளுக்குள் கொதித்தது. கீழ் வீட்டு டீச்சரம்மா நான் வந்த புதிதிலேயே என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "சின்னது பச்சை மண்ணு, நீ என்ன சொன்னாலும் மறந்துடும். பெரியவகிட்ட ஜாக்கிரதை. நீ ஒரு வார்த்தை அதட்டினா போதும், சித்தி கொடுமைன்னு ஊரே பேசும்." அந்தச் 'சித்தி' என்ற சொல்லுக்கு நான் அவ்வளவு பயந்தேன்.

எட்டு மாதம் இப்படியே ஓடியது. பள்ளி ஆண்டு முடியும் நேரத்தில் என் கணவரின் அக்கா போன் செய்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. வெளியூரில் பெரிய வீடு, பக்கத்திலேயே நல்ல பள்ளிக்கூடம். பெரியவளை அனுப்பி வை, நான் படிக்க வைக்கிறேன் என்று கேட்டார். தங்கமான மனுஷி, கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. என் கணவர் போனை மகளிடம் கொடுத்தார். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சரிங்க அத்தை, வர்றேன்," என்றாள். அதே குரல்.

அத்தை ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போவதாக முடிவானது. என் கணவர் ஜன்னலைப் பார்த்தபடி, "அவ இஷ்டம்," என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அம்மா இல்லாத மூன்று வருடமும் இந்த வீட்டைத் தாங்கிப் பிடித்த பெண், நான் வந்த ஒரே வருடத்தில் பெட்டி கட்டுகிறாள். போகாதே என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. சொல்ல எனக்கு என்ன உரிமை என்று ஒரு பயம் வாயைக் கட்டிப்போட்டது. அவள் துணிகளை நானே மடித்துக் கொடுத்தேன். "ரொம்ப நன்றிங்க," என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம். என் கணவர் ஏதோ கட்டடத்தில் லிஃப்டுக்குள் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று ஓடியிருந்தார். பெரியவள் சிநேகிதியிடம் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போனாள். தெரு விளக்கு எரிந்தது. அவள் வரவில்லை. இந்த வீட்டில் அந்தச் சட்டத்தை யாராவது மீறியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. கொஞ்ச நேரம் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தேன். பிறகு சிநேகிதி வீட்டுக்கு ஓடினேன். "அவ அப்பவே கிளம்பிட்டாளே," என்றார்கள். அவருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை, லிஃப்ட் குழிக்குள் இருந்தால் சிக்னல் கிடைக்காது. வாலுவை டீச்சரம்மாவிடம் விட்டுவிட்டுத் தெருத்தெருவாக அலைந்தேன். காலில் இரண்டும் வேறு வேறு செருப்பு என்பதைக் கடைத்தெருவில்தான் கவனித்தேன். அப்போது ஒன்று தோன்றியது. நாளை வரை காத்திருக்கப் பிடிக்காமல், அவளே அத்தை ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாளோ?

நிலையத்துக்கு ஓடினேன். அந்த ஊர் வண்டி நிற்கும் நடைமேடையில் அவள் இல்லை. மூச்சு வாங்க என் அறைக்குப் போய், "காணோம், காணோம்" என்றேன். சாயங்கால ஷிஃப்டில் இருந்தவர் என் கோலத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"யாரைக் காணோம் மேடம்? உங்களுக்கு என்ன வேணும் அவங்க?"

"என் பொண்ணு," என்றேன். அப்படி அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மைக்கைப் பிடுங்கினேன்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ரெட்டைப் பின்னல், நீலச் சட்டை..." அவ்வளவுதான் வந்தது. அதற்கு மேல் தேனும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது என் சொந்தக் குரல்தான்.

"ஏய் சூப்பர்வைசர்! எங்கடி இருக்க? விளக்கெரிஞ்சு எவ்வளவு நேரமாச்சு? வீடுன்னு ஒண்ணு இருக்கே, அதுல ஒருத்தி உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாளேன்னு நினைப்பு வேணாம்? எங்க இருந்தாலும் சரி, மரியாதையா இந்த நிமிஷம் வீட்டுக்கு வந்து சேரு. வா, இருக்கு உனக்கு!"

மைக்கை அணைத்தபோது நிலையமே ஆடாமல் அசையாமல் நின்றது. வரிசையில் நின்ற ஒரு அம்மாள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "சரியாக் கேட்டீங்க," என்றார். ஷிஃப்ட்காரர், "மேடம், மேனேஜர் உள்ளதான் இருக்கார்," என்று முனகினார். இருக்கட்டும் என்று வீட்டைப் பார்த்து ஓடினேன்.

வீட்டு வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். பின்னல் கலைந்திருந்தது. முகம் சிவந்திருந்தது. மற்றபடி முழுசாகத்தான் இருந்தாள். கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன்.

"ஊருக்கே கேக்குது!" என்று கத்தினாள். "மைக்ல போயா திட்டுவீங்க? எங்க ஸ்கூல் பிள்ளைங்க எல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்காங்க. எனக்கு மானம் போச்சு!"

"மானமா? எனக்கு உயிரே போச்சு! எங்க போயிருந்த?"

"எங்கயும் போகலை. மொட்டை மாடியிலதான் உக்காந்திருந்தேன்."

"மாடியிலயா? நான் தெருத்தெருவா நாய் மாதிரி அலையறேன், நீ மேல உக்காந்து வேடிக்கை பாத்தியா?"

"ஆமா, பாத்தேன்! தேடறீங்களான்னு பாத்தேன்!"

மாடிப்படியில் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. டீச்சரம்மா வாலுவைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே வந்து நின்றார். ஊர் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும் என்று இருந்தது எனக்கு. "தேடாம? பச்சைப் பிள்ளையா நீ? சட்டம் பேசற, உனக்குச் சட்டம் கிடையாதா? என்ன திமிர் உனக்கு!"

"இப்பத் திட்டறீங்க இல்ல? இத்தனை மாசமா ஏன் ஒரு வார்த்தை திட்டலை?" அவள் குரல் உடைந்தது. "வாலுவை மட்டும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திட்டறீங்க. நான் துண்டை வேணும்னே கட்டில்ல போட்டேன். எடுத்துக் காயப் போடறீங்க. மார்க் குறைஞ்சா பரவாயில்லைங்கறீங்க. முட்டையில அவ்வளவு உப்பைப் போட்டுட்டு ஒரு சாரிகூடச் சொல்லலை. அப்பாவும் இப்போ எதுவும் கேக்கறதில்லை. நான் என்ன விருந்தாளியா? திட்டறதுக்குக்கூட ஆள் இல்லாத வீட்ல நான் எதுக்கு இருக்கணும்?"

அவள் என்னைச் சண்டைக்குச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று நான் இத்தனை நாள் புழுங்கினேன். நான் அவளைத் திட்டுக்குச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று அவள் புழுங்கியிருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேசையில், இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டு.

"திட்டினா என்னைச் சித்தின்னு ஒதுக்கிடுவியோன்னு பயமா இருந்துச்சு," என்றேன். அழுகை வந்துவிட்டது.

"நான் இங்க யாருக்கும் வேணாமோன்னு எனக்கும் பயமா இருந்துச்சு," என்றாள் அவளும் அழுதுகொண்டே.

டீச்சரம்மா என்ன செய்வதென்று தெரியாமல் வாலுவின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். வாலு மட்டும் நிலைமையைச் சரியாகப் புரிந்துகொண்டு, கையைத் தட்டினாள். "அக்காவும் மைக்கம்மாவும் சண்டை! இன்னிக்கு அக்காவும் மைக்கம்மாவும் பாத்திரம்!"

பெரியவள் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்காமல், செருப்பைக் கழற்றி அலமாரியில் வைத்தபடி சொன்னாள்.

"குழாய் பிடிக்க வாங்க."

சமையலறைக்குப் போனோம். தொட்டியில் காலை முதல் சேர்ந்த பாத்திரங்கள் கிடந்தன. யார் முதலில் குரலை உயர்த்தியது என்பதில் அடுத்த வழக்கு ஆரம்பமானது. வாசலில் அவள்தான் முதலில் கத்தினாள் என்றேன் நான்.

"மைக்ல கத்தினதும் கணக்குதான்," என்றாள்.

"அது ஆபீஸ்."

"ஆபீஸ்ல யாரையாவது 'எங்கடி இருக்க'ன்னு கேப்பாங்களா?"

தோற்றுப்போய்ச் சட்டியையும் நாரையும் எடுத்தேன். அவள் பளபளக்கும் புதுக் குழாயின் மேல் கையை வைத்துக்கொண்டாள். திறந்துவிட்டால் தானே ஓடும் குழாய். அவள் மூடியே பிடித்திருந்தாள். நான் தேய்த்தேன். கை முழுக்க நுரை. காத்திருந்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

"தண்ணி," என்றேன்.

"என்ன? மைக் இல்லாம சரியாக் கேக்கலை."

"தண்ணி விடுடி."

கொஞ்சமாக விட்டாள். நாலு தட்டு கழுவும்வரை இருவரும் அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. தினமும் நூறு தரம் மன்னிப்புக் கேட்கும் வாய்க்கு ஒரே ஒரு மன்னிப்பு வர மறுத்தது. ஐந்தாவது தட்டில்தான் வந்தது.

"அந்தப் பழைய குழாய்... எனக்குத் தெரியாதும்மா. உங்க அம்மா நினைவா இருந்ததைத் தூக்கிப் போட்டுட்டேன்."

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "அம்மாவுக்கு அந்தக் குழாயைக் கண்டாலே ஆகாது. அப்பா எங்கயோ கழட்டிட்டு வந்தது அது. தினம் அதை வெச்சுத் திட்டுவாங்க."

"அப்புறம் ஏன் அன்னிக்கு அப்படி..."

"நீங்க புதுக் குழாய் போட்டதுக்கு அப்புறம் குழாய் பிடிக்க ஆளே வேணாம்னு ஆயிடுச்சு. எங்களை யாரையும் கூப்பிடலை. வாலு தானா வந்து ஸ்டூல் போட்டுக்கிட்டா. நான் ரெண்டு மூணு தடவை வாசல்ல வந்து நின்னேன். 'நீ போய்ப் படிம்மா'ன்னு அனுப்பிட்டீங்க."

அது உண்மை. பிள்ளைக்கு வேலை வைக்கக் கூடாது என்று நான்தான் விரட்டினேன். நல்ல சித்தியாக இருக்கிறேன் என்று அப்போது பெருமையாக வேறு இருந்தது. நுரைக் கையோடு தலையில் அடித்துக்கொண்டேன். நுரை நெற்றியில் ஒட்டிக்கொண்டது. அவள் சிரித்தாள். தண்ணீரை முழுசாகத் திறந்துவிட்டாள்.

என் கணவர் வந்தபோது நாங்கள் கடைசிச் சட்டியில் இருந்தோம். டீச்சரம்மா படியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் போலிருக்கிறது, பதறிக்கொண்டு ஓடி வந்தவர், சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். கண்ணைத் துடைத்துவிட்டு, போனை எடுத்துச் செருப்பு அலமாரியில் வைத்துவிட்டு வந்து, "அப்பாடா, இன்னிக்கு நான் திரி கிள்ள வேண்டியதில்லை," என்று சாப்பிட உட்கார்ந்தார்.

அவள் போகவில்லை என்று அன்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கட்டிய பெட்டி கட்டில் பக்கத்திலேயே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தூங்கப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தார். கை நிறையப் பழங்களும், பெரியவளுக்குப் புதுப் பள்ளிப் பையும் வாங்கி வந்திருந்தார். மதியச் சாப்பாட்டின்போது அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றியும், அவளுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் அறையைப் பற்றியும் ஆசையாகச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சண்டையால் எட்டு மாதம் கழுவிப் போய்விடுமா என்ன?

சாப்பிட்டதும் அத்தைக்குத் தலையணை எடுக்க உள்ளே போனேன். கட்டில் மேல், அத்தை படுக்க வேண்டிய இடத்தில், சொட்டச் சொட்ட ஒரு துண்டு. ஒரு கணம் கை தானாக எடுக்கப் போனது. எடுக்காமல் கூடத்துக்கு வந்தேன்.

"ஈரத் துண்டு கட்டில் மேல என்ன பண்ணுது?" என்றேன். குரலை உயர்த்தாமல்தான் கேட்டேன். அதில் கவனமாக இருந்தேன்.

"இப்பதானே போட்டேன்! எடுக்க மாட்டேனா?" என்று கத்தினாள் பெரியவள். "வீட்டுக்கு ஆள் வந்திருக்கும்போதுதான் கேக்கணுமா?"

"வீட்டுக்கு ஆள் வந்திருக்கும்போதுதான் போடணுமா? உங்க அத்தை அது மேல நீச்சலா அடிப்பாங்க?"

"நேத்து நீங்க கூடத்தான் ஜோடி மாத்திச் செருப்புப் போட்டுட்டு ஊர்வலம் போனீங்க. நான் ஏதாவது கேட்டேனா?"

அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். தம்பியைப் பார்த்து, "பாத்தியாடா? இதுக்குத்தான் நான் சொன்னேன். பிள்ளை எப்படித்தான் இங்க இருக்கும்? கிளம்பும்மா கண்ணு, நாம இன்னிக்கே போயிடலாம்," என்றார்.

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு, சிரிப்பை அடக்க வாயை மூடிக்கொண்டிருந்தார். பெரியவள் அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வரலை அத்தை."

"ஏன்டா? பயப்படாதே, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"லீவுக்கு வர்றேன். இப்போ முடியாது. இங்க எட்டு மாசச் சண்டை பாக்கி இருக்கு."

அத்தை ஒன்றும் புரியாமல் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என் முகத்தில் கண்ணீர் வழிந்தது. நான் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்தேன். கூட உதவ அத்தையும் எழுந்தார். வாலு ஓடி வந்து அவர் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"நீங்க விருந்தாளி அத்தை. சும்மா உக்காருங்க. இது வீட்டு ஆளுங்க வேலை."

சமையலறையில் பெரியவள் எனக்கு முன்பே போய் நின்றிருந்தாள். சட்டப்படி முதலில் கத்தியது அவள், எனவே தேய்ப்பது அவள் வேலை. நான் குழாய்ப் பக்கம் நின்று கையை வைத்தேன். அழுத்தவே வேண்டாத குழாய்தான், ஆனாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஒரு தட்டைத் தேய்த்து, நுரையோடு என் பக்கம் நீட்டினாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். நிலையத்து ஒலிபெருக்கி காற்றில் கேட்டது. யாரோ ஒருவர் எந்த வண்டியின் தாமதத்துக்கோ வருந்திக்கொண்டிருந்தார்.

ஈரக் கையால் என் தோளில் ஒரு இடி விழுந்தது.

"ஏ மைக்கு! தண்ணி!"